எழுந்து போக முடியாத இடம்

கப்பலில் போகலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை. என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் தோழிதான் சொன்னாள். அவள் தமிழ் எடுக்கிறாள், நான் கணக்கு. பல வருடப் பழக்கம். இருந்தும் இன்றுவரை ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு மத்தியானம், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே போனை என் பக்கம் நீட்டினாள். வெள்ளையாக ஒரு கப்பல், அடுக்கடுக்காக ஜன்னல்கள்.

“சென்னையிலேர்ந்து கிளம்புது டீச்சர். ரெண்டு ராத்திரி கடல்ல சுத்திட்டு மறுபடியும் சென்னையிலேயே இறக்கி விட்டுடறாங்க. காலாண்டு லீவுல ரெண்டு குடும்பமும் போவோமா?”

“போவோம்” என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கத்துத் தியேட்டரில் ஒரு படம் பார்ப்பதென்றால்கூட வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பவள் நான்.

அன்றைக்கு என்னைப் பிடித்த பரபரப்பு புரட்டாசி வரைக்கும் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருப்பேன். அதில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கப்பல் அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பார். கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருக்கும்போது, வாந்தி வந்தால் என்ன செய்வது என்று திடீரென்று தோன்றும். ஜன்னல் வைத்த அறையா, பால்கனி வைத்த அறையா என்று காலையில் ஒரு முடிவு எடுத்து, சாயங்காலம் அதை மாற்றுவேன். வங்கக்கடலில் எங்கேயாவது காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னால், அது ஒடிசா பக்கம் போகிறது என்று கேட்ட பிறகும் மனசு அடங்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போல இருக்கும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் வீடு. நான், கணவர், பிளஸ் ஒன் படிக்கும் மகள், என் மாமனார். மாமனார் கோயிலில் கோஷ்டியோடு நின்று பிரபந்தப் பாசுரங்களைச் சேவித்தவர். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கைத்தடியோடு வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கித் தயங்கி, ஒருநாள் காலை காபியோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

“புரட்டாசியிலயா?” என்றார் முதலில். பிறகு, “சமுத்திரத்தைத் தாண்டப்படாதும்பா” என்றார்.

“தாண்டலை மாமா. கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பிடும். நவராத்திரிக்குக் கொலு வைக்கறதுக்குள்ள வந்துடுவோம்.”

“எந்த ஊர்ல நிக்கும்?”

“எங்கயும் நிக்காது.”

அவர் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “தாண்டவும் தாண்டாது, எந்த ஊருக்கும் போகவும் போகாது. பின்னே எதுக்கும்மா போகணும்?”

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் சிரித்தார். அப்பாவின் கிண்டலுக்குச் சிரிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தோழியின் வீடு தென்னூரில். அவள் கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. சொந்த ஊர் மருங்காபுரி. அங்கே இன்னும் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. நல்ல மனிதர், வாய் ஓயாமல் பேசுவார். எங்கள் வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. முதல் தடவை சாப்பிட வந்தபோது சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “வெங்காயம் இல்லாமலே இவ்வளவு நல்லாருக்குன்னு வெளிய சொல்லிடாதீங்க டீச்சர். என் பொழப்பு போயிடும்” என்றார்.

லாரி வருவதற்கு முன்னால் மண்டியில் இருக்க வேண்டும் என்பதால், கல்யாணமானதிலிருந்து விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறவர். “அவர் காலைல இட்லி சாப்பிட்டு நான் பாத்ததே இல்லை டீச்சர்” என்று தோழி ஒருநாள் சொன்னாள். “ஊருக்குப் போனாலும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னுட்டே சாப்பிடுவாரு. ஒரு நாளாவது எதிர்ல உக்காந்து சாப்பிட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் கப்பல்.” அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

போனில் ‘கப்பல்’ என்று ஒரு குரூப் ஆரம்பித்தோம். அதில் பேசியது பெரும்பாலும் நானும் அவளும்தான். மகள் எப்போதாவது ஒரு சிரிப்புப் படம் போடுவாள். தோழியின் இரண்டு பையன்களும் கப்பல் சாப்பாட்டில் எத்தனை வகைக் கோழி என்று கேட்டு, புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது என்று அம்மா போட்ட பதிலுக்குப் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் எதுவும் எழுத மாட்டார். எந்த அறை என்று கேட்டால் “உன் இஷ்டம்” என்பார். ஆதார் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், நான் நாலைந்து தடவை கேட்ட பிறகு அனுப்புவார். ஆண்கள் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

மாமனாரை யார் பார்த்துக்கொள்வது என்பது ஒன்றுதான் பாக்கியிருந்த கேள்வி. பெங்களூரில் இருக்கும் என் கணவரின் தம்பி, அந்த நாட்களில் தான் வந்து இருப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து அதை உறுதிப்படுத்திக்கொள்வேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். ஆபீஸில் லீவு ரத்தாகிவிட்டது, வெளிநாட்டிலிருந்து யாரோ வருகிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் மன்னி என்றார்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் என் கணவர் சொன்னார். “பரவாயில்லை. நான் இருக்கேன். நீயும் கொழந்தையும் போயிட்டு வாங்கோ.”

அவ்வளவு சீக்கிரம் வந்த பதில் என்னைச் சுட்டது. ஒரு நிமிடம் வருத்தப்படுவதுபோல் நின்றிருக்கலாம். இந்த ஐந்து மாதமும் நான் பட்ட பாட்டுக்கு அவ்வளவாவது செய்திருக்கலாம்.

அப்போதுதான் உள் அறையிலிருந்து கைத்தடிச் சத்தம் வந்தது. மாமனார் வாசற்படியில் நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது மிகக் குறைவு.

“எனக்காகவா நீ இருக்கப் போறே? நான் கேட்டேனா?”

“இல்லப்பா, தனியா எப்படி...”

“ஆளாளுக்குப் போன்ல பேசிண்டிருக்கேள், அப்பாவை யார் பாத்துக்கறதுன்னு. நான் இந்தாத்துலதானே உக்காந்துண்டிருக்கேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா? எனக்கு நடக்க வரது. மாத்திரை எது எதுன்னு தெரியும். தளிகைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போனாப் போறும். மூணு நாள் நான் ஒண்டியா இருந்தா என்ன?” பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் இருந்து பாக்கணும்போலத்தான் இருக்கு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று பூந்தொட்டியைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசிக்கொண்டிருந்தோம். உடனே காரியத்தில் இறங்கினேன். கீழ்வீட்டு மாமி காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மடப்பள்ளிப் பக்குவத்தில் சமைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரை ஏற்பாடு செய்தேன். எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. சாயங்காலம் கணவரிடம், “இனி நீங்களும் வரலாம்” என்றேன்.

“இல்லை. நான் இருக்கேன்” என்றார் மறுபடியும்.

தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் நடக்கப் போய்விடுவார். ராஜகோபுரம் வழியாக உள்ளே போய் சித்திரை வீதிகளை ஒரு சுற்று, சில நாள் இரண்டு சுற்று. எனக்கு அந்த நேரத்தில் அடுப்பில் வேலை இருக்கும். கூடப் போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். அவர் திரும்பிப் பார்த்தார். வெளியூர் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. பூக்கடைகளையும் செருப்பு விடும் இடத்தையும் தாண்டி உள்ளே போகும் வரை பேச இடமில்லை. கீழச் சித்திரை வீதியில் தேர் நிற்கும் இடத்துக்கு வந்ததும் கேட்டேன்.

“நிஜமா அப்பாவுக்காகத்தான் இருக்கேளா?”

கொஞ்ச தூரம் நடந்தார். “எனக்கு முடியாதுடி” என்றார்.

“என்ன முடியாது?”

“கப்பல். அங்கேர்ந்து எங்க எழுந்து போறது?”

நான் புரியாமல் நின்றுவிட்டேன். அவரும் நின்றார்.

“கல்யாணத்துக்குப் போனாலும் பாத்திருப்பியே, ஓரத்து நாற்காலிலதான் உக்காருவேன். சினிமாலயும் அப்படித்தான். எப்ப வேணா எழுந்து போகலாம்னு இருந்தாத்தான் என்னால உக்காரவே முடியும். போகமாட்டேன், ஆனா போகலாம்னு இருக்கணும். கடலுக்கு நடுவுல, தெரிஞ்சவாளோட, மூணு நாள் சிரிச்சுண்டு... நெனைச்சாலே மூச்சு முட்டறது. தம்பி வரலைன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமோ?”

“இதை மே மாசமே சொல்லியிருக்கலாமே.”

“நீ அவ்வளவு ஆசையா இருந்தே.”

அந்த வார்த்தை என்னைச் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். கோபத்தைத்தான் கிளப்பியது. நான் ஆசையாக இருந்தேன் என்பதைப் பார்த்துக்கொண்டே இத்தனை மாதம் சும்மா இருந்திருக்கிறார். வாயில் வந்ததைக் கேட்டேன். “அப்போ தினமும் இப்படி நடக்கக் கிளம்பறேளே, அது என்கிட்டேர்ந்து எழுந்து போறதா?”

உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் யோசித்தார். ஒரு மாட்டுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினோம்.

“சில நாள்” என்றார்.

மீதி வீதியைச் சுற்றி முடித்தோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பிட வாங்கோ, தண்ணி மோட்டார் போடுங்கோ, அவ்வளவுதான். ‘சில நாள்’ என்றால் எந்தெந்த நாள் என்று மனசு தேடிக்கொண்டே இருந்தது. கப்பலே வேண்டாம் என்று முடிவெடுத்து, மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். தன் டப்பாவிலிருந்த சுண்டலைப் பாதி என் மூடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: “உண்மையைச் சொல்லிட்டாருல்ல டீச்சர், அதுவரைக்கும் நல்லது. கடலுக்குள்ள போயிட்டா சிக்னல் இருக்காதுன்னு நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லவே இல்லை. சொன்னா அவரும் வரமாட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது.

“நீங்க வரலைன்னா நானும் போகலை” என்றாள். “ஆனா வேணாம்னு தோணினா நிறுத்துங்க. கோவத்துல நிறுத்தாதீங்க. திரும்பி வந்து எப்படியும் அந்த வீட்டுக்குத்தானே போகப் போறீங்க.”

அன்று சாயங்காலம் பெட்டியில் துணி அடுக்கினேன். எப்போது வெளியூர் போனாலும் நாலு பேருடைய துணியும், மாமனாரின் மருந்தும், கணவரின் ஷேவிங் சாமானும் என் கையால்தான் அடுக்கப்படும். மகள் தன் பையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். என் துணி மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் கால்வாசிதான் வந்தது. அதைப் பார்த்ததும் உடம்பில் ஏதோ லேசானது. அந்த லேசு எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கணவர் வராததில் எனக்கும் நிம்மதி இருந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை.

தோழியின் காரில் விடியற்காலையில் கிளம்பினோம். கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து டிக்கியில் வைத்தார். “ஏறினதும் ஒரு போன் பண்ணு” என்றார். மாமனார் பால்கனியில் நின்று கையை உயர்த்தினார். வழியெல்லாம் தோழியின் கணவர் போனில் மண்டி ஆட்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது மேல்தளத்தில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மகளும் பையன்களும் எங்கேயோ ஓடிவிட்டார்கள். ஊர் விளக்குகள் சிறுத்துக்கொண்டே போயின. கொஞ்ச நேரத்தில் தோழியின் கணவர் போனை உயர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார்.

“என்னடி, சிக்னல் போயிடுச்சு?”

தோழி கடலைப் பார்த்துக்கொண்டே, “அப்படியா?” என்றாள்.

மறுநாள் எப்போதும்போல் விழித்துக்கொண்டேன். பால் காய்ச்ச வேண்டியதில்லை, வாசல் தெளிக்க வேண்டியதில்லை, டிபன் கட்ட வேண்டியதில்லை. கை இரண்டும் எதற்கு இருக்கின்றன என்று தெரியாமல் மேலே போனேன். வெளுத்துக்கொண்டிருந்தது. காற்று புடவையை இழுத்தது. ஆள் இல்லாத தளத்தில் ஒருவர் மட்டும் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். தோழியின் கணவர்.

“தூக்கம் வரலையா?” என்றேன்.

“இந்நேரம் லாரி வந்திருக்கும் டீச்சர். எறக்கியிருப்பாங்களான்னு தெரியலை. மழை வேற வர மாதிரி இருந்துச்சு. நனைஞ்சா போச்சு.” கடலைப் பார்த்தார். “இங்கேர்ந்து கத்தினாலும் ஒருத்தனுக்கும் கேக்காது.”

“எனக்கும் அப்படித்தான். மாமா எழுந்து பாத்ரூம் போற நேரம்.”

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். வேலையை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல ஒரு நிலை. சூரியன் தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. பார்க்க வேண்டும் என்று அத்தனை மாதம் எண்ணிக்கொண்டிருந்ததுதான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வந்து முடிந்த பிறகும் நாள் முழுவதும் அப்படியே மிச்சம் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு அவரும் தோழியும் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் வேண்டுமென்றே தள்ளி உட்கார்ந்தேன். அவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். சிக்னல் இல்லாத போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. தோழி இட்லியைப் பிய்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன?” என்று அவர் கேட்டதும் “ஒண்ணுமில்லை, சாப்பிடுங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எதற்கோ இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். சின்னப் பையனின் டியூஷன் பற்றி என்று நினைக்கிறேன். அதையும் உட்கார்ந்தபடியேதான் போட்டார்கள்.

நான் அந்த இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை, ஓர் இடத்தில் உட்காரவும் இல்லை. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். ஒருமுறை தூரத்தில் மகள் யாரோ ஒரு பெண்ணோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கூப்பிட நினைத்து, கூப்பிடாமல் வந்துவிட்டேன். கணவர் சொன்னது அடிக்கடி ஞாபகம் வந்தது. உண்மைதான், எழுந்து போக இடமில்லை. எனக்கு அது பயமாக இல்லை. எங்கேயும் போக வேண்டியதில்லை என்றால் நான் யார் என்ற யோசனைதான் வந்துகொண்டே இருந்தது.

துறைமுகம் நெருங்கியதும் எல்லார் பையிலும் போன்கள் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. தோழியின் கணவர் முதல் மணியிலேயே எடுத்து, சரக்கு நனையவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார். கரையில் இறங்கியதும் நான் வீட்டுக்குப் போட்டேன். கணவர் எடுத்தார்.

“அப்பா எப்படி இருக்கார்?”

“நன்னா இருக்கார். என்னோட பேசறதில்லை, அவ்வளவுதான்.”

பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. போன் கை மாறியது. “இவனை ஏம்மா விட்டுட்டுப் போனே? மாத்திரை சாப்ட்டேளா, மெதுவாப் போங்கோ, கம்பியைப் பிடிச்சுக்கோங்கோன்னு ஒரு நிமிஷம் உக்கார விடலை. ஒண்டியா இருக்கலாம்னு பாத்தேன். நீ இருந்தாலே தேவலை.”

கரையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். தோழி என்னவென்று கேட்டாள். சொல்ல முடியாமல் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. குளித்துவிட்டுச் சமையலறையில் நின்றால் தரை ஆடியது. கணவர் காபி போட்டு எடுத்துவந்தார். சர்க்கரை கூடுதல். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நடக்கப் போகும் நேரம் அது.

“அன்னிக்கு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தார்.

“நிஜத்தைத்தானே சொன்னேள். இருக்கட்டும். எனக்கும் சில நாள் அப்படி இருக்கு. நடக்கப் போக நேரம்தான் கெடைக்கலை.”

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிர்ந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தலையை ஆட்டினார். மாமனார் உள்ளேயிருந்து, கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து எப்போது இறக்கப் போகிறோம் என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

“சரி, சொல்லு. கடல் எப்படி இருந்தது?” என்றார் கணவர்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல், வெங்காய லாரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.